290 என்று போட்டிருக்கிறது, அப்பா பிழைப்பாரா?

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் கிட்னி பற்றி ஒருவர் கேட்டதற்கு இந்தப் பகுதியில் நாலு வரிதான் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களையும் புலனத்தில் வந்த கேள்விகளையும் பார்த்தால், நம் பட்டணத்தில் வீட்டுக்கு ஒரு டயாலிசிஸ் அட்டை இருக்கும் போலிருக்கிறது. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவள். அந்தப் பெஞ்சில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். எந்த மருந்தைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அதற்கு இங்கே பதில் கிடையாது.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 56 வயது. முன்பு பால்மரம் சீவினார், இப்போது செம்பனைக் குலை வெட்டுகிறார். இருபது வருஷமாக இனிப்பு நீர் (நீரிழிவு). அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு 'தாஹாப் 4', அதாவது கிட்னி நோயின் நாலாம் கட்டம், என்று சொல்லி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். தேதி அடுத்த மாதம்தான். அதுவரை என்ன செய்வது? ராத்திரி முழுக்க போனில் தேடுகிறேன். கிரியேட்டினின் 5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு தமிழ்க் காணொளியில் சொல்கிறார்கள். அப்பாவின் தாளில் 290 என்று போட்டிருக்கிறது. அப்பா பிழைப்பாரா? நம்பிப் படிக்க எங்கேதான் போவது?
— ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 290-ஐ முடித்துவிடுவோம், நீ இன்றைக்காவது தூங்க வேண்டும். நம் மலேசிய ஆய்வுக்கூடங்கள் கிரியேட்டினினை, அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவை, மைக்ரோமோல் கணக்கில் எழுதுகின்றன, தமிழ்நாட்டிலும் அமெரிக்காவிலும் மில்லிகிராம் கணக்கு. அவர்கள் 1 என்று எழுதுவதை நம் ஆட்கள் 88.4 என்று எழுதுவார்கள். 290-ஐ 88.4-ஆல் வகுத்துப் பார், 3.3 வரும். அவ்வளவுதான். சீனிக்கும் இதே கதைதான், நம் ஊர் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் ஊர் எண், அதாவது இங்கே 10 என்றால் அங்கே 180. திருச்சியில் இருக்கிற என் நாத்தனாரிடம் ஒருமுறை போனில் "அண்ணனுக்கு சீனி 11" என்று சொல்லிவிட்டேன், மனுஷி அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டார், 11 என்றால் அவர் கணக்கில் ஆளே மயங்கிக் கிடக்க வேண்டுமே!

3.3 நல்ல எண் என்று சொல்லவில்லை. ஆனால் நீ பார்க்க வேண்டிய எண் அது இல்லை. அதே தாளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒன்று இருக்கும். கிட்னி எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதன் கணக்கு அது, கிட்டத்தட்ட நூற்றுக்கு எத்தனை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 15-லிருந்து 29 வரை இருந்தால் நாலாம் கட்டம், 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் கட்டம். உன் அப்பாவின் வயதுக்கு 290 என்றால் அது 21 பக்கத்தில் இருக்கும், தாளை எடுத்துப் பார். ஐந்தாம் கட்டம் வந்துவிட்டது என்பதற்காக அன்றைக்கே மெஷினில் போட்டுவிடவும் மாட்டார்கள், மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, பொட்டாசியம் எப்படி என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இன்னொன்று, ஒரே ஒரு தாளை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. போன வருஷம் எவ்வளவு, அதற்கு முந்தின வருஷம் எவ்வளவு? கிளினிக்கில் கேட்டால் பழைய முடிவுகளைச் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, கிரியேட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., பொட்டாசியம், பிரஷர் என்று கோடு போட்டு எழுதிவிடு. மெதுவாக இறங்கியிருக்கிறதா, ஆறு மாதத்தில் சரிந்ததா என்று அந்த நோட்டு சொல்லும், எந்தக் காணொளியும் சொல்லாது. இதற்கு நடுவில் அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், வாந்தி நிற்காமல் போனால், சிறுநீர் நின்றுபோனால், அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போ.

சரி, எங்கே தேடுவது? நீ எந்த மொழியில் தேடுகிறாயோ அந்த நாட்டு ஆஸ்பத்திரி வாசலில்தான் கூகள் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தும். ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்கா. அங்கே பக்கத்துக்குப் பக்கம் மெடிகேர், மெடிகேர் என்று வரும். கிட்னி செயலிழந்தவர்களுக்கு வயது பார்க்காமல் அந்தக் காப்புறுதியைக் கொடுக்க 1972-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், நமக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழில் தேடினால் சென்னை, கோயம்புத்தூர், நடுநடுவே லேகிய விளம்பரம். நம் ஊரில் எந்த ஆபீஸ், எந்தப் பாரம், எங்கே மையம் என்பதெல்லாம் வேண்டுமென்றால் மலாயில் தேடு. 'பெஞாகிட் புவா பிங்காங் குரோனிக்' (நாள்பட்ட கிட்னி நோய்) என்று அடித்துப் பார், சுகாதார அமைச்சின் மைஹெல்த் தளமும் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பக்கங்களும் வரும். இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருஷம் மலாயில் படித்தவள்தானே நீ? நம் பிள்ளைகளுக்கு ஏனோ நோய் என்று வந்தால் மட்டும் மலாய் மறந்துவிடுகிறது.

ஆங்கிலத்தை ஒதுக்க வேண்டாம். நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான், அதை அமெரிக்காவின் நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன், பிரிட்டனின் கிட்னி கேர் யூ.கே. இவர்கள் எளிமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதே நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன் என்ற பெயரில் சிங்கப்பூரில் ஒன்று இருக்கிறது, நம் நாட்டில் ஒன்று இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. என் தங்கை மகன் உதவிப் பாரத்தைச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் பதிலுக்குக் காத்திருந்தான். நம்முடையது 1969-ல் தொடங்கியது, தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவில், மலாயில் யாயாசான் புவா பிங்காங் கெபாங்சாஆன்.

தமிழ் எதற்கு என்றால், அப்பாவுக்கு. அவருக்கு நீ மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்ததை எந்த வார்த்தையில் சொல்வாய்? குஜராத்தில் ராஜ்கோட்டைச் சேர்ந்த சஞ்சய் பாண்டியா என்ற சிறுநீரக மருத்துவர் தொடங்கிய கிட்னி எஜுகேஷன் ஃபவுண்டேஷன் தளத்தில், நோயாளியின் குடும்பத்துக்காகவே எழுதிய புத்தகம் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையில் 1993-லிருந்து டேங்கர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் இயங்குகிறது. இவற்றில் எண் எதைப் பார்த்தாலும் 88.4-ஐ மறந்துவிடாதே.

ஈப்போவுக்குப் போகும்போது நோட்டையும் அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கினது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. டயாலிசிஸை இரத்தத்தில் (மெஷின் வழியாக) செய்வதா வயிற்றில் (திரவம் விட்டு மாற்றி) செய்வதா, எது அப்பாவுக்குத் தோதுப்படும் என்று கேள். இரத்தத்தில் என்றால் கையில் ஃபிஸ்டுலா, அதாவது இரண்டு இரத்தக் குழாய்களை இணைக்கும் சின்ன அறுவை, போட வேண்டும், அது தயாராகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும் என்பதால் எப்போது போடுவது என்று கேள். இரத்தம் எடுப்பவர்களிடம் எந்தக் கையை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும் என்று கேள், வழக்கமாக எழுதாத கையைத்தான் விட்டுவைப்பார்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைப் பற்றியும் கேள்.

அப்புறம் நீயும் உன் அண்ணன் தம்பியும் ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேருக்கு 31 பேருக்கு இனிப்பு நீர். நாட்டில் பெரியவர்களிடையே நாள்பட்ட கிட்னி நோய் 2011-ல் 9 விழுக்காடு, 2018-ல் 15 விழுக்காட்டுக்கும் மேல். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, சிறுநீர் நன்றாகவே போகும். அதனால்தான் எல்லாரும் நாலாம் கட்டத்தில் வந்து நிற்கிறோம்.

கேள்வி: என் மச்சான் முகநூல் நேரலையில் பார்த்து ஒரு மூலிகைப் பவுடர் வாங்கியிருக்கிறார், டப்பா 380 வெள்ளி. மூன்று டப்பா சாப்பிட்டால் டயாலிசிஸே வேண்டாமாம். ஆஸ்பத்திரி மாத்திரையால்தான் கிட்னி கெட்டது என்று சொல்லி இனிப்பு நீர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். என்ன சொல்லி மாற்றுவது?
— குவாலா கங்சார் வாசகர்

பதில்: அண்ணே, உங்கள் மச்சான் இதில் தனி ஆள் இல்லை. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்கிற பேச்சு நம் லயத்து வாசலிலிருந்து கோயில் மண்டபம் வரைக்கும் எல்லா இடத்திலும் இருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. இனிப்பு நீர் வந்து பதினைந்து வருஷம் மாத்திரை சாப்பிடுகிறார், அப்புறம் கிட்னி போகிறது, பார்க்கிறவனுக்கு மாத்திரையும் கிட்னியும்தான் கண்ணில் படுகிறது. அந்தப் பதினைந்து வருஷமும் சீனியும் பிரஷரும் ஏறியே இருந்து கிட்னிக்குள் இருக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்களை அரித்ததை யார் பார்த்தார்? இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கிட்னி குறையக் குறைய டாக்டரே மெட்ஃபார்மின் என்கிற இனிப்பு நீர் மாத்திரையைக் குறைப்பார், ஒரு கட்டத்தில் நிறுத்தியும் விடுவார். "பார்த்தாயா, டாக்டரே நிறுத்திவிட்டார், அப்போ அதுதான் காரணம்" என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். காரணம் அது இல்லை. பழுதான கிட்னியால் அந்த மருந்தை வெளியேற்ற முடியாமல் உடம்பில் தங்கிவிடும், அதற்காக நிறுத்துகிறார்கள்.

உண்மையிலேயே கிட்னியைக் கெடுக்கிற மாத்திரை உண்டு, அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. முட்டி வலி, இடுப்பு வலி என்று வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் வகைகள். குலை வெட்டுகிறவர்கள், சாக்கு தூக்குகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போக இதைத்தான் விழுங்குகிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி வந்தபோது ஒரு கடையில், பெயர் வேண்டாம், பெயர் இல்லாத மாத்திரைகளை ஒரு சின்னப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் வலி போய்விட்டது, நானும் கைராசிக் கடை என்று ஏழெட்டு மாதம் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் "அது என்ன மாத்திரை?" என்று கேட்டபோது என் கையில் காலிப் பொட்டலம்கூட இல்லை. அவருக்கு ஏற்கெனவே இனிப்பு நீர் இருந்தது, அந்தப் பொட்டலம்தான் எல்லாவற்றையும் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

மூலிகைக்குப் பக்க விளைவே இல்லை என்று மச்சான் சொன்னால், 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலிய மூலிகைக் கலவை சாப்பிட்ட பல பெண்களுக்குக் கிட்னி செயலிழந்த கதையைச் சொல்லுங்கள். அரிஸ்டோலோக்கியா என்ற செடியின் நஞ்சு அது. இனி அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் பதிவான மருந்து என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும், பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண்ணின் கடைசியில் டி என்ற எழுத்து. சுகாதார அமைச்சின் கீழ் மருந்துகளைப் பதிவு செய்கிற என்.பி.ஆர்.ஏ.வின் குவெஸ்ட் 3+ தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் அது உண்மையான எண்தானா என்று தெரிந்துவிடும். எண் இருப்பதால் கிட்னி குணமாகும் என்று அர்த்தம் ஆகிவிடாது. அதைவிட முக்கியம், கிட்னி நோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வதே இந்த நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. அந்த நேரலைக்காரர் வாயைத் திறந்த நிமிஷமே சட்டத்தை மீறிவிட்டார். இதை அவர் முகத்துக்கு நேரே எல்லார் முன்னிலையிலும் சொல்லாதீர்கள், மனிதர் ரோஷத்துக்காகவே மூன்று டப்பாவையும் முடித்துவிடுவார். டப்பாவையும் மாத்திரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவரை கிளினிக்கில் இருக்கிற மருந்தாளரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், மச்சான் சொல்லைக் கேட்காத ஆள் அங்கே கேட்பார்.

கேள்வி: கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். நான் பள்ளிக்கூட கேண்டீனில் வேலை. பணத்துக்கு எங்கே போவேன்? இணையத்தில் தேடினால் எல்லாமே வேறு நாட்டு உதவி.
— இரண்டு பிள்ளைகளின் தாய்

பதில்: அம்மா, கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். வாரம் மூன்று என்றால் மாதத்துக்குச் சராசரி 13 முறை. ஒரு தடவைக்கு 200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 2,600 வெள்ளி, இதில் ஊசியும் இல்லை, போக வர எண்ணெய்க் காசும் இல்லை. யார் தலையிலும் இது தனியாக விழக் கூடாது, விழ வேண்டியதும் இல்லை.

முதல் கேள்வி, உங்கள் கணவர் சம்பளத்தில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்தார்களா? பிடித்திருந்தால் பழைய சம்பளச் சீட்டைத் தேடுங்கள், இணையத்தை அப்புறம் பார்க்கலாம். தகுதியுள்ள சந்தாதாரருக்கு பெர்கேசோ டயாலிசிஸ் செலவை ஏற்கிறது, உடல் இயலாமை ஓய்வூதியமும் தனியாக உண்டு. ஆனால் அந்த ஓய்வூதியத்துக்கு 60 வயதுக்கு முன்னால் விண்ணப்பித்தாக வேண்டும். 'கொஞ்சம் உடம்பு தேறட்டும், பிறகு போகலாம்' என்று 59-ல் தள்ளிப்போட்டு 60-ல் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களை எங்கள் பெஞ்சிலேயே பார்த்தேன். தோட்டத்தில் கான்டிராக்டில் வேலை செய்தவர்களுக்குச் சிக்கல் அதிகம், முதலாளி பிடித்தாரா, பிடித்ததைக் கட்டினாரா என்றே தெரியாது. அடையாள அட்டையோடு பெர்கேசோ ஆபீசுக்குப் போனால் சந்தாப் பதிவைச் சொல்லிவிடுவார்கள்.

பெர்கேசோ இல்லை என்றால், ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகநல அதிகாரி இருப்பார், மலாயில் பெகாவாய் கெர்ஜா சோசியல் பெருபாத்தான். டாக்டரிடம் "அவரிடம் அனுப்புங்கள்" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள், கேட்காமல் அனுப்புவார்கள் என்று காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, சமூகநல இலாகாவின் மாத உதவி, சலுகைக் கட்டணத்தில் டயாலிசிஸ் செய்கிற அறநிறுவன மையங்கள், நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷன், எது உங்களுக்குப் பொருந்தும் என்று குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. கணவர் அரசாங்க வேலையில் இருந்தவர் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அது வேறு வழி. இ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென்று பணம் எடுக்கலாம், தன் நோய்க்கு மட்டும் இல்லை, கணவன் மனைவிக்கும், பெற்றோருக்கும், பிள்ளைகளுக்கும் எடுக்கலாம், கிட்னி செயலிழப்பு அதற்கான நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

வீட்டுக்காரரின் படத்தைப் போட்டு முகநூலில் உதவி கேட்கலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கேட்பது தப்பில்லை. ஆனால் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படம் பிடித்துப் போடாதீர்கள், அடுத்த வாரமே உங்கள் கணவர் படத்தோடு வேறு ஒருவன் கணக்கு எண் சுற்றும். இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிட்னிக்கு இளநீர் நல்லதுதானே? பிளிம்பிங் ஜூஸ்?

பதில்: நல்ல கிட்னிக்கு இளநீர் நல்லது. பழுதான கிட்னியால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, இளநீரில் இருப்பதோ பொட்டாசியம், அது ஏறினால் நெஞ்சுத் துடிப்பே நின்றுபோகலாம். பிளிம்பிங், அதாவது நட்சத்திரப்பழம், கிட்னி நோயாளிக்கு ஒரு துண்டுகூட வேண்டாம். அதில் கேரம்பாக்சின் என்ற நஞ்சு இருப்பதை 2013-ல் பிரேசில் விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். நிற்காத விக்கல், குழப்பமான பேச்சு, வலிப்பு என்று போகும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அழகாக வெட்டி வைத்திருப்பார்கள், கடந்து போய்விடுங்கள். ஜெரிங் கொட்டையும் அப்படித்தான், அது நல்ல கிட்னியையே பதம் பார்க்கும்.

உணவுப் பட்டியலை இணையத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். அமெரிக்கப் பட்டியலில் ஆரஞ்சு ஜூஸும் பேக்கனும் இருக்கும், நம் வீட்டில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இக்கான் பிலிஸ், பெலாச்சான், கிச்சாப், கருவாடு, ஊறுகாய், மெகி மசாலாப் பொட்டலம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி, அதுவும் நல்ல உடம்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. உப்புக்குப் பதிலாக விற்கிற 'லோ சோடியம்' உப்பில் பல நேரம் பொட்டாசியம்தான் இருக்கும், அதையும் வாங்காதீர்கள். ஆனால் வயிற்றில் செய்கிறவர்களில் சிலருக்குப் பொட்டாசியம் குறைந்துபோய் வாழைப்பழம் சாப்பிடு என்று டயட்டீஷியனே சொல்வார், எனவே பக்கத்து நாற்காலிக்காரரின் பட்டியல் உங்களுடையது இல்லை.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு வீட்டிலேயே வயிற்றில் தண்ணீர் மாற்றுகிறோம், ஒரு நாளைக்கு நாலு முறை. நான்தான் செய்கிறேன், வேலையை விட்டுவிட்டேன். பேச ஆள் இல்லை. ஆங்கிலக் குழுக்களில் சேர்ந்தேன், அவர்கள் ராத்திரி மெஷினைப் பற்றியும் காப்புறுதியைப் பற்றியும் பேசுகிறார்கள். சில நாள் எதற்குடா இது என்று இருக்கிறது.
— பெயர் வேண்டாம்

பதில்: கண்ணு, ஒரு நாளைக்கு நாலு முறை, ஒவ்வொரு முறையும் 2 லிட்டர் பை, அரை மணி நேரம், கை கழுவ, மாஸ்க் போட, ஜன்னலைச் சாத்த, மின்விசிறியை நிறுத்த. உறவுக்காரர்கள் வந்து "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சொல்லும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உனக்குத் தேவையான குழு எங்கோ இல்லை, உன் அம்மா போகிற பி.டி. (வயிற்று டயாலிசிஸ்) கிளினிக்கில் இருக்கிறது. பயிற்சி கொடுத்த நர்ஸிடம் "இந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிற வேறு குடும்பம் இருக்கிறதா, அவர்கள் சம்மதித்தால் என் நம்பரைக் கொடுங்கள்" என்று சொல். எங்கள் பெஞ்சில் ஏழு பேர் சேர்ந்து ஒரு புலனக் குழு வைத்திருந்தோம். இரண்டே விதிகள்தான்: மருந்து சிபாரிசு செய்யக் கூடாது, காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லக் கூடாது. இரண்டாவதைத்தான் யாரும் கடைப்பிடிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் வேன் வரவில்லை என்றால் யாராவது ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஆங்கிலக் குழுவையும் விட்டுவிடாதே, மலேசியாவில் நள்ளிரவு என்றால் அங்கே பகல், விழித்திருக்கிற ஒருவர் இருப்பார், அதற்கு அதுதான் பயன்.

ராத்திரி மெஷின் என்றார்களே, அது இங்கேயும் உண்டு. தூங்கும்போது தானாகவே மாற்றிவிடும், அம்மாவுக்குப் பொருந்துமா, கிடைக்குமா என்று கேட்டுப் பார், உனக்குப் பகல் திரும்பக் கிடைக்கும். வெளியே வருகிற தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ அம்மாவுக்கு வயிறு வலித்தாலோ காய்ச்சல் அடித்தாலோ எந்தக் குழுவிலும் படம் போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காதே, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

'எதற்குடா இது' என்று எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். அந்த நினைப்பு வருகிற நாளில் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-ஐக் கூப்பிடு. அங்கே எடுக்கவில்லை என்றால், மனம் விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். கிட்னி வந்தவருக்கு மட்டும்தான் நோய் என்று யார் சொன்னது?

கேள்வி: தம்பிக்கு 34 வயது, டயாலிசிஸ். 'கிட்னி டோனர் ரெடி' என்று டெலிகிராமில் ஒருவர் 15,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார். நம்பலாமா? நான் கொடுக்க முடியுமா?
— அண்ணன், தஞ்சோங் மாலிம்

பதில்: நம்ப வேண்டாம். முன்பணம் போனால் போனதுதான், அதோடு போனாலாவது பரவாயில்லை. ஏமாற்றிப் பணத்துக்காக ஆளிடமிருந்து உறுப்பு எடுப்பதை 2007-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் சுரண்டல் என்றே சொல்கிறது. உறவு இல்லாதவர் உண்மையிலேயே கொடுக்க முன்வந்தாலும் அமைச்சின் தனிக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும்.

நீங்கள் கொடுக்கலாம், கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் 1975-லேயே கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முதல் கிட்னி மாற்றுச் சிகிச்சை நடந்தது, புதுசு இல்லை. உடன்பிறந்தவர் என்றால் திசு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, முழுதாகப் பொருந்தாமலும் செய்கிறார்கள். உங்களுக்கே இனிப்பு நீரோ பிரஷரோ இருந்தால் அங்கேயே தடங்கல், அதனால் முதலில் உங்களைத்தான் சோதிப்பார்கள். உங்கள் மனைவியிடம் பேசிவிட்டுப் போங்கள், பேசாமல் போய் டாக்டர் முன்னால் சண்டை போட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். இறந்த பிறகு தானம் செய்ய மைசெஜாத்ரா செயலியில் பதிந்துகொள்ளலாம், பதிந்ததை வீட்டில் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் டாக்டர் வந்து கேட்பது வீட்டாரைத்தான்.

கேள்வி: தீபாவளிக்கு அப்பாவை ஜொகூருக்குத் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? வாரம் மூன்று டயாலிசிஸ் இருக்கிறதே.

பதில்: போகலாம், நாங்கள் போனோம். தம்பி வீட்டுப் பக்கம் இருக்கிற மையங்களின் பெயரை இணையத்தில் எடுத்து, நேரே போன் போட்டு, விருந்தாளி நோயாளியை எடுப்பீர்களா, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனை முடிவுகள் புதிதாக வேண்டும் என்பார்கள், உங்கள் மையத்திலிருந்து கடிதமும் கேட்பார்கள், அதில் அப்பாவின் எடை, மெஷின் விவரம், மருந்து எல்லாம் இருக்கும். பெர்கேசோ கட்டுகிறது என்றால் அங்கே செய்வதற்கும் கட்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தீபாவளி வாரத்தில் அங்கேயும் நாற்காலி கிடைக்காது, ரயில் டிக்கெட்டும் கிடைக்காது, ஆகையால் இரண்டு மாதம் முன்னாலேயே நாற்காலியை உறுதி செய்துகொண்டு பிறகு டிக்கெட் எடுங்கள். முறுக்கு இரண்டு சாப்பிடலாமா என்று அப்பா கேட்பார். ஊருக்குப் போகும் முன் டயட்டீஷியனிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் 'கூடாது' என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார்.